கடையாணி யார் கையில்?

வீட்டு வேலைகளில் நாமே செய்துகொள்வது சில உண்டு. ஆள் விட்டுச் செய்வது சில உண்டு. குக்கர் வளையம் தளர்ந்துவிட்டதா? புதிதாக ஒன்று வாங்கி நாமே மாட்டிவிடுகிறோம். காஸ் தீர்ந்துவிட்டதா? ரெகுலேட்டரைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் பொருத்திவிடுகிறோம். இதற்கெல்லாம் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. ஆனால் அதே அடுப்பின் குழாயிலிருந்து ‘உஸ்’ஸென்று சத்தம் வந்தால் என்ன செய்கிறோம்? ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு ஏஜென்சிக்கு டெலிபோன் செய்கிறோம். எந்த வேலை நம்முடையது, எது மெக்கானிக்குடையது என்று நம் மனத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. பெரும்பாலும் அது சரியான இடத்தில்தான் இருக்கிறது.

ஆகாய விமானத்தில் இந்தக் கோடு எங்கே இருக்கிறது? ஓட்டுகிற விமானி தாமே திருப்புளியைக் கையில் எடுக்கலாமா? எண்ணெய் ஊற்றலாமா? டயர் மாற்றலாமா? ‘இதென்ன கேள்வி! அடுப்பங்கரையில் இருக்கிற நமக்கு இது எதற்கு?’ என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். என் தம்பி மகள் விமானம் ஓட்டப் படிக்கப் போனதிலிருந்து, தினம் காலையில் காப்பி குடிக்கும்போது இந்தக் கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எங்களுக்கு ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ளடங்கிய கிராமம். தமிழ் ஜைனர்களின் மடம் இருக்கிற இடம் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். பார்சுவநாதர் கோயில், பாறையிலே செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கும் மலைநாதர் கோயில், பெரிய மரத்தேர் இவைதான் எங்கள் பெருமை. ஊரில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மணிலாவும் பயிரிட்டவர்கள் உண்டு, வாத்தியார்கள் உண்டு. வானத்தில் பறக்கப் போகிறேன் என்று சொன்ன முதல் பெண், எனக்குத் தெரிந்தவரை எங்கள் வீட்டுப் பெண்தான்.

“உங்கள் வீட்டுச் சம்பிரதாயங்கள் எல்லாம் அங்கே போனால் கெட்டுப் போகுமே!” என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. எங்கள் வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழுவுக்கும் நம்மால் தீங்கு வரக் கூடாது என்று. பயிற்சிப் பள்ளிக்குப் போன ஒரு மாதத்துக்கெல்லாம் அவள் டெலிபோனில் சொன்ன சேதி என்ன தெரியுமா?

“அத்தே, இங்கேயும் வடிகட்டல்தான்! பறக்கறதுக்கு முன்னாலே இறக்கைக்கு அடியிலே ஒரு சின்ன வால்வை அழுத்தி, கண்ணாடி மாதிரி ஒரு குவளையிலே கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சுப் பார்க்கணும். பெட்ரோல் இள நீலமா இருக்கும். அடியிலே தண்ணி இருந்தா முத்து மாதிரி தனியாத் தெரியும். தண்ணி இருக்கிற வரைக்கும் பிடிச்சுப் பிடிச்சு எடுத்துடணும்.”

பெட்ரோலில் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டேன். ராத்திரி முழுவதும் தொட்டி பாதி காலியாக நின்றால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து பனித்துளியாக இறங்குமாம். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். ஆகவே அடியில் போய்த் தங்கும். மேலே போனபின் அந்தத் தண்ணீர் என்ஜினுக்குள் புகுந்தால் என்ஜின் நின்றுவிடும். நம் வீட்டில் வடிகட்டுவது பிற உயிர்களுக்காக; அங்கே வடிகட்டுவது தன் உயிருக்காக. எப்படியானால் என்ன? வடிகட்டுகிற பழக்கம் உள்ள வீட்டுப் பெண், அந்த வேலையில் அவசரப்பட மாட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி.

இப்படிப் பறப்பதற்கு முன்னால் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது விமானியின் கடமை. கோயிலைப் பிரதட்சிணம் செய்கிற மாதிரி, ஒரே திசையில், ஒன்றும் விட்டுப் போகாமல், கையில் அட்டவணையோடு சுற்ற வேண்டும். எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் எண்ணெய் கசிகிறதா, இறக்கையின் ஓரத்தில் இருக்கும் அசையும் பலகைகள் தடையில்லாமல் அசைகின்றனவா, காற்று நுழையும் வாயில் குருவி கூடு கட்டியிருக்கிறதா — எல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் என்ஜினை ஓட்டி, இரண்டு மாக்னெட்டோவையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். சின்ன விமானத்தின் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் உண்டு. ஒரு வரிசை கைவிட்டாலும் இன்னொரு வரிசை காப்பாற்றும். நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக்.

பார்ப்பது சரி. பார்த்தபோது ஒரு குறை கண்ணில் பட்டால்? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

சென்ற வருஷம் ஒரு நாள். அவள் தனியாக நெடுந்தூரம் பறக்க வேண்டிய தினம். இந்தியாவில் வர்த்தக விமானி உரிமம் பெற மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயிரக் கணக்கில் பணம். என் தம்பி நிலத்தின் பேரில் கடன் வாங்கித்தான் கட்டியிருந்தான். வானம் தெளிந்து, காற்று அடங்கி, முறை வந்து, அனுமதி கிடைத்து — இவ்வளவும் கூடி வருவது கல்யாண முகூர்த்தம் கூடி வருகிற மாதிரிதான். எல்லாம் கூடி வந்த அந்தக் காலையில் அவள் விமானத்தைச் சுற்றி வந்தபோது, இடது பக்கச் சக்கரத்தின் அச்சு நுனியில் இருக்கும் நட்டைப் பார்த்தாள். அந்த நட்டு கழன்று போகாதபடி குறுக்கே ஒரு சிறு ‘பின்’ போட்டு, அதன் இரு கால்களையும் மடக்கி விட்டிருக்க வேண்டும். அந்தப் பின்னைக் காணோம்.

மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கடையாணி என்று சொன்னால் போதும்.

ஹாங்கரில் ஒரு தகர டப்பா நிறைய அந்த மாதிரிப் பின்கள் இருந்தன. விலை சில ரூபாய்கூட இருக்காது. பொறியாளர் வேறு வேலையாக வெளியூர் போயிருந்தார். அங்கே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “ஒரு பின்தானேம்மா! மாட்டிட்டுக் கிளம்பு. சாயங்காலம் அவர் வந்து கையெழுத்துப் போட்டுடுவார்” என்றாராம். பள்ளியின் பெயரோ, சொன்னவர் பெயரோ இங்கே வேண்டாம். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்ல. வரிசையாக நிற்கும் மாணவர்கள், பறக்க வேண்டிய மணிகள், இவற்றை நினைத்துச் சொன்னவர்.

அவள் மாட்டவில்லை. குறை எழுதும் புத்தகத்தில், ‘இடது சக்கர அச்சு நட்டில் பின் இல்லை’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டாள். அப்படி எழுதிவிட்டால், பொறியாளர் சரி செய்து தம் கையெழுத்தைப் போடும்வரை அந்த விமானம் நகரக் கூடாது. அன்றைக்கு அவள் மட்டுமல்ல, அவளுக்குப் பின்னால் அதே விமானத்துக்குக் காத்திருந்த நாலு பேரும் பறக்கவில்லை. விடுதியில் யாரும் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லையாம்.

ராத்திரி என் தம்பி எனக்குப் போன் செய்தான். “அக்கா, ஒரு பின்னுக்காக நாலு நாள் போச்சு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க அவகிட்டே. எல்லாத்துக்கும் முறைச்சுக்கிட்டு நின்னா, படிப்பு எப்போ முடியறது?” என்றான். கடன் வாங்கினவன் கவலை அவனுக்கு.

நான் அவளைக் கூப்பிட்டேன். “ஏண்டி கண்ணு, கிணற்று ராட்டினத்துக்குக்கூட நீதானே ஆணி அடிப்பே! ஒரு பின்னைச் சொருகி மடக்க உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும் அத்தே. சொருகவும் தெரியும், மடக்கவும் தெரியும். ஆனா, அந்தப் பின் ஏன் இல்லைன்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

இந்தப் பதிலுக்கு அர்த்தம் மூன்றாம் நாள் தெரிந்தது. பொறியாளர் வந்து, பின்னை மட்டும் மாட்டிவிட்டுப் போகவில்லை, சக்கரத்தையே கழற்றினார். முந்தின வாரம் டயர் மாற்றினபோது வேலை பாதியில் நின்றிருக்கிறது. உள்ளே இருக்கும் பேரிங்குக்குப் போட வேண்டிய கிரீஸும் போடவில்லை. நட்டையும் சரியான இறுக்கத்துக்குத் திருப்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுவதுதான் அந்தப் பின். ஆகவே பின் இல்லை என்பது வியாதி அல்ல, வியாதியின் அடையாளம். அவள் டப்பாவிலிருந்து ஒரு பின்னை எடுத்து மாட்டியிருந்தால் அடையாளம் மறைந்திருக்கும். வியாதி உள்ளேயே இருந்திருக்கும். குழந்தைக்கு ஜுரம் என்றால் காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுத்து உடம்பைக் குளிர வைப்பது போல.

அதன் பிறகுதான் இந்த விதிகளைப் பற்றி நான் விசாரிக்க ஆரம்பித்தேன். அவள் சொன்னதும், புத்தகங்களில் பார்த்ததும் சேர்த்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் விமானி கையில் திருப்புளி எடுக்கலாம். ‘தடுப்புப் பராமரிப்பு’ என்று பெயர் வைத்து, சுமார் முப்பது வேலைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். டயரைக் கழற்றி மாட்டலாம். சக்கர பேரிங்கைச் சுத்தம் செய்து கிரீஸ் போடலாம். ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கலாம், மாற்றலாம், அதன் இடைவெளியைச் சரி செய்யலாம். விளக்கு பல்பு, ஆசன பெல்ட், பாட்டரி மாற்றலாம். எண்ணெய் வடிகட்டியைச் சுத்தம் செய்யலாம். நம் கதையில் வருகிற அந்தப் பின்னும் பட்டியலில் இருக்கிறது! ஆனால் சிக்கலாகப் பிரித்துக் கோக்க வேண்டிய எந்த வேலையும் கூடாது.

இவ்வளவு தாராளத்துக்கும் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒன்று, செய்கிறவர் விமானி உரிமம் உள்ளவராகவும், அந்த விமானத்தின் சொந்தக்காரராகவோ அதை இயக்குகிறவராகவோ இருக்க வேண்டும். இரண்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி விமானமாக இருக்கக் கூடாது. மூன்று, செய்த வேலையை லாக் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் உரிம எண்ணும் இட வேண்டும். எழுதாமல் செய்த வேலை, செய்யாத வேலையைவிட மோசம் என்பது அவர்கள் கணக்கு. ஐரோப்பாவிலும் இதே மாதிரி, 2730 கிலோவுக்குக் குறைந்த எளிய விமானத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் விமானிக்குச் சில சில்லறை வேலைகளை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

‘அப்படியானால் நம் பெண்ணுக்கு மட்டும் ஏன் கூடாது?’ என்று கேட்கத் தோன்றும். ‘சொந்தக்காரர்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பயிற்சி விமானம் மாணவியின் விமானம் அல்ல. ஒரு மணி நேரம் காசு கட்டி ஏறுகிறாள், இறங்குகிறாள். அடுத்த மணி நேரம் இன்னொரு வீட்டுப் பிள்ளை அதில் ஏறுகிறான். சொந்த விமானத்தில் தப்பாக ஒரு வேலை செய்தவர் தாமே அதன் பலனை அனுபவிக்கிறார். பயிற்சி விமானத்திலோ, நான் மாட்டினது சரியா தப்பா என்று கண்டுபிடிக்கப் போகிறவன், அந்த வேலை நடந்ததே தெரியாத வேறொருவன். அமெரிக்காவிலேயே, பள்ளிக்கூடத்து விமானத்தை வைத்துக் கூலிக்குச் சொல்லிக் கொடுத்தால், வருஷாந்தரப் பரிசோதனையோடு ஒவ்வொரு 100 மணி நேரப் பறப்புக்கும் ஒரு பரிசோதனை செய்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி விமானம் படுகிற பாடு கம்பெனி விமானம்கூடப் படாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை தத்தக்கா பித்தக்கா என்று தரையில் குதித்து இறங்கும், எழும்பும், மறுபடி இறங்கும். புதிதாக மருமகள் வந்த வீட்டில் தோசைக்கல் படுகிற பாடுதான்.

நம் நாட்டில் விமான இலாகாவுக்கு அடிப்படை, பிரிட்டிஷார் காலத்தில் 1934-இல் வந்த விமானச் சட்டமும், அதன் கீழ் 1937-இல் வந்த விமான விதிகளும். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் பாரதீய வாயுயான் அதிநியமம் என்ற புதுச் சட்டம் செய்து, 2025 ஜனவரி 1-ஆம் தேதி முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். சட்டத்தின் பெயர் மாறினாலும் மூல சூத்திரம் ஒன்றுதான்: பழுது பார்த்த விமானம் ‘பறக்கத் தகுதி’ என்று சான்று எழுத வேண்டியவர், அதற்கென்று பரீட்சை தேறி, அனுபவம் காட்டி, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். பார்ப்பது விமானியின் கடமை. ‘இதில் ஏற மாட்டேன்’ என்று மறுப்பது விமானியின் உரிமை. சரி செய்து கையெழுத்திடுவது பொறியாளரின் பொறுப்பு.

எங்கள் ஊர்த் தேரை நினைத்தால் இது எனக்குச் சட்டென்று விளங்குகிறது. வடம் பிடிக்க ஊரே வரலாம். சின்னக் குழந்தைகூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பழகின சிலர்தான். எவ்வளவு பெரிய மனிதரானாலும், எவ்வளவு பக்தி இருந்தாலும், அந்த இடத்துக்கு மற்றவர்களை விட மாட்டார்கள். அது அந்தஸ்து பற்றிய விஷயம் அல்ல. சக்கரம் பற்றிய விஷயம்.

இந்த நியாயம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததா என்றால், இல்லை. 1903 டிசம்பர் 17-ஆம் தேதி முதன்முதல் என்ஜின் விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். ஓட்டினவர்களும் அவர்களே, ரிப்பேர் செய்தவர்களும் அவர்களே. என்ஜினைச் செய்து கொடுத்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். அந்தக் காலத்தில் திருப்புளி பிடிக்கத் தெரியாதவன் விமானம் ஓட்டவே முடியாது.

நம் தேசத்திலும் ஒரு ரசமான சம்பவம் உண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். 1930-இல் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற பதினேழு வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தான். எகிப்தில் டாடா இறங்கியபோது, அந்தப் பையன் ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். போட்டியாளன்தானே, கிடக்கட்டும் என்று போயிருக்கலாம். தம்மிடம் உபரியாக இருந்த பிளக்கைக் கொடுத்தார். பையன் அதை மாட்டிக்கொண்டு பறந்தான். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசையும் தட்டிக்கொண்டு போனான்! பின்னால் 1960-இல் இந்திய விமானப் படையின் தளபதியானவர் அவர்தான்.

அதே 1930-இல்தான் ஏமி ஜான்ஸன் என்ற இங்கிலீஷ் யுவதி தனியாக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தாள். மே 5-ஆம் தேதி புறப்பட்டு 24-ஆம் தேதி போய்ச் சேர்ந்தாள். பெண்களாகிய நாம் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அவள் பறந்தது மட்டுமல்ல. அதற்கு முந்தின வருஷமே, ஹாங்கரில் கை கறுக்க வேலை கற்று, தரைப் பொறியாளர் உரிமம் பரீட்சை தேறி வாங்கியிருந்தாள். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவள். வழியில் கராச்சி, ஜான்ஸி, அலகாபாத், கல்கத்தா எல்லாம் இறங்கினாள். ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்ஸீனில் இறங்கும்போது விமானம் பள்ளத்தில் விழுந்து, இறக்கை கிழிந்து, காற்றாடியும் உடைந்தது. உபரிக் காற்றாடி ஒன்றை விமானத்தின் பக்கத்தில் கட்டிக் கொண்டு வந்திருந்தாள். இறக்கைத் துணிக்கு என்ன செய்வது? யுத்த காலத்தில் மிச்சமான விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தன. அவற்றைக் கிழித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். ஒட்டுப் போட்ட இறக்கையோடு அவள் போய்ச் சேர்ந்தாள்.

துணி இறக்கை என்பது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் நம்மவர்கள் செய்து, 1958-இல் முதலில் பறந்த ‘புஷ்பக்’ என்ற இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கும் துணி போர்த்திய இறக்கைதான். எத்தனையோ ஃப்ளையிங் கிளப்புகளில் பல தலைமுறை விமானிகள் அதில்தான் பழகினார்கள். பெங்களூர் ஜக்கூரில் 1949-இல் பயிற்சி முடித்த உஷா சுந்தரம், 1950-இல் தம் கணவர் சுந்தரத்தோடு ‘டவ்’ விமானம் ஒன்றை லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை செய்தார். இன்று நம் நாட்டு விமானிகளில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் பெண்கள். உலகத்துச் சராசரியைவிட இது மிக அதிகம்.

ஏமியின் கதையைக் கேட்டதும், ‘பார்த்தீர்களா, அவளே எல்லாம் செய்துகொண்டாளே!’ என்று ஒரு கட்சி பேசலாம். ஆனால் அவள் விமானி என்பதால் திருப்புளியை எடுக்கவில்லை. பொறியாளர் பரீட்சை தேறினதால் எடுத்தாள். இரண்டு உரிமமும் ஒரே கைக்குள் இருந்தன. அதுதான் வித்தியாசம்.

சரி, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் பத்திரமா? அதுவும் இல்லை. 1990 ஜூன் 10-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜெட் விமானம், சுமார் 17,000 அடி உயரத்தில் போகும்போது, விமானிக்கு எதிரே இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. கூடவே காப்டனும் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார்! உள்ளே இருந்த சிப்பந்திகள் அவர் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி ஸௌதாம்ப்டனில் இறக்கினார். யாரும் சாகவில்லை, காப்டனும் பிழைத்தார். சுமார் 27 மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கண்ணாடியைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84, இருக்க வேண்டிய கனத்தைவிட ஒரு மயிரிழை மெலிந்தவை. ராத்திரி வேளை, ஆள் பற்றாக்குறை. அனுபவசாலியான மேற்பார்வையாளர் தாமே வேலையை எடுத்துக்கொண்டு, பட்டியல் புத்தகத்தைப் பார்க்காமல், பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவிலேயே ஜோடி சேர்த்துவிட்டார்.

ஆக, கையெழுத்து ஒரு மந்திரம் அல்ல. ‘இதை இன்னார் செய்தார்’ என்று பெயர் சொல்லிப் பொறுப்பேற்பது அது; பின்னால் வருகிறவர் கேள்வி கேட்க வழி வைப்பது அது. புத்தகத்தைப் பார்க்காத கையெழுத்தும், கையெழுத்து இல்லாத வேலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இந்த விஷயத்தில் பள்ளிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விதியைக் கண்டிப்பாக வைத்துவிட்டு, அதை நிறைவேற்றப் பொறியாளரை ஊரில் வைக்காவிட்டால் என்ன நடக்கும்? திருட்டு வேலை நடக்கும். மாணவன் ரகசியமாகப் பின் மாட்டுவான். ரகசியமாக பல்பு மாற்றுவான். புத்தகத்தில் ஒன்றும் இருக்காது. அமெரிக்க விதியில் எனக்குப் பிடித்த அம்சம், அது விமானியை நம்புகிறது என்பதல்ல. ‘செய், ஆனால் எழுதிவிட்டுச் செய்’ என்று வெளிச்சத்தில் வைத்துப் பேசுகிறது என்பதே. நம் விதியில் எனக்குப் பிடித்த அம்சம், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றவில்லை என்பது. இரண்டிலும் உள்ள நல்லதை எடுத்துக்கொண்டால், மாணவர்களைப் பொறியாளர் பக்கத்தில் நிற்க வைத்துப் பிளக் துடைக்கவும், சக்கரம் கழற்றவும், கிரீஸ் போடவும் கற்றுக் கொடுக்கலாம். கையெழுத்தைப் பொறியாளரே போடலாம். தான் ஓட்டுகிற யந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த விமானிதான், வெளியே ஒரு பின் குறைந்தால் கண்டுபிடிப்பாள்.

சக்கரம் சரியான பிறகு, அந்தப் பொறியாளர் எங்கள் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களாம். அவரோ பேரிங்கை அவள் உள்ளங்கையில் வைத்து, “விரலாலே சுத்திப் பாரும்மா. கரகரன்னு இருக்கா? இப்போ கிரீஸ் போட்டதைச் சுத்து. இதுதான் வித்தியாசம். இனிமே நான் வேலை செய்யறப்போ வந்து நின்னு பார்” என்று சொன்னாராம். அன்றிலிருந்து, பறக்காத நாட்களில் அவள் ஹாங்கரில் நிற்கிறாள். முதல் நாள் முகங்கொடுத்துப் பேசாத நாலு பேரில் இரண்டு பேரும் இப்போது கூட நிற்கிறார்களாம். நெடுந்தூரப் பறப்பு ஒன்பது நாள் தள்ளிப் போயிற்று. தம்பிக்கு அந்த ஒன்பது நாள் விடுதிச் செலவு கணக்கில் ஏறியது. அது வாஸ்தவம். நேர்மைக்கு விலை இல்லை என்று மேடையில் பேசலாம். வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் அதற்கு விலை உண்டு. ஆனால் தம்பி அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. “பேரிங் கரகரன்னு இருந்துதாமே அக்கா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான்.

இப்போதெல்லாம் நம் வீடுகளிலிருந்து பெண்கள் விமானப் பயிற்சிக்குப் போகிறார்கள். பெற்றவர்கள் பள்ளியைத் தேடும்போது கட்டணம் எவ்வளவு, விடுதியில் சைவச் சாப்பாடு உண்டா, எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். கூடவே இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை விமானத்துக்கு எத்தனை உரிமம் பெற்ற பொறியாளர்கள்? அவர்களில் ஒருவராவது பறக்கிற நாளெல்லாம் ஊரில் இருப்பாரா? ஒரு மாணவி குறை எழுதி வைத்து அதனால் விமானம் நின்றுபோனால், அந்த நாட்களுக்கு யார் செலவு? மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலிலிருந்தே அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பெண்ணிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்; நீ கண்ணில் பட்டதை எழுது.” இந்த ஒரு வார்த்தை வீட்டிலிருந்து போனால், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு விடியற்காலையில், தனியாக விமானத்தைச் சுற்றி வருகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பலம் தெரியுமா!